ரெண்டுல வை, அம்மா

போன வாரம் ஆர்லிஸை நாம் விட்டுவிட்டு வந்த இடம் கொட்டகை வாசல். கையில் மகனின் பிக்கப் வண்டிச் சாவி. எடுப்பதா வேண்டாமா என்று தன்னோடு தானே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஜெயித்தது யார் என்று தெரியாமல் ஒரு வாரம் தவித்தவர்களுக்குப் பதில் இதுதான்: விடிந்தபோது அந்த வண்டி, பின்னால் புல் டிரெய்லரோடு, பிக்ஹார்ன் கணவாய் ரோட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

இப்போதுதான் வந்து உட்காருகிறவர்களுக்கு நாலு வார்த்தை. மலைக்கு அந்தப் பக்கம் கோடை முடிவில் தீ வந்தது. லாரால்டே குடும்பத்தின் மேய்ச்சல் நிலம், வேலி, குளிருக்குச் சேர்த்து வைத்த காய்ந்த புல் எல்லாம் சாம்பல். ஆடுமாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குப் போட ஒரு பிடி தீனி இல்லை. இந்தப் பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஆளுக்கொரு டிரெய்லர் புல்லை ஏற்றிக்கொண்டு வரிசையாகக் கிளம்பினார்கள். வையோமிங்கில் இதற்கு யாரும் யாரையும் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதில்லை. சேதி வந்தால் போதும்.

ஆர்லிஸுக்குச் சேதிகூடத் தேவைப்படவில்லை. அவளுக்கு அது கடன். சில வருஷம் முன்னால் ஒரு கொடும் பனிக்காலத்தில் அவள் பண்ணையில் தீனி தீர்ந்து, மாடுகள் நின்ற இடத்திலேயே மடங்கி விழுந்தபோது, கேட்காமலே மலை தாண்டி வந்து புல் இறக்கிவிட்டுப் போனவர்கள் அந்த லாரால்டேக்கள். அன்றைக்கு அவளும் கணவன் வெண்டலும் முற்றத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் புல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஆர்லிஸ் அந்தக் காரியத்தைச் செய்திருந்தாள். வெளியூர் வேலைக்குப் போயிருந்த மகன் கோல்டரின் குதிரை பென்னியை, தீனி வாங்கக் காசுக்காக, அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விற்றுவிட்டாள். பனி உருகி அவன் வீடு திரும்பினான். காலி லாயத்தைப் பார்த்தான். கத்தவில்லை. "கேட்டிருந்தா நானே வித்திருப்பேனேம்மா" என்றான். மறுநாள் கம்பெனி வண்டியில் ஏறி வடக்கு டகோட்டாவுக்கு, எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய்விட்டான். "என் வண்டியை அப்புறம் வந்து எடுத்துக்கறேன்" என்பதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

அந்த 'அப்புறம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் ஆர்லிஸ் இத்தனை நாள் காலம் தள்ளினாள். அவள் போன் செய்தால் அவன் எடுப்பதில்லை. ஆனால் வண்டி கொட்டகையில் நிற்கிறதே! அதற்காகவாவது ஒருநாள் வரத்தானே வேண்டும்?

இப்போது அந்த வண்டியைத்தான் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள். மறுபடியும் கேட்காமல். சொந்த வண்டியின் கியர்பாக்ஸ் முந்தின நாள் சாயங்காலம் பார்த்தா பல்லிளிக்க வேண்டும்? வெண்டலோ முழங்கால் ஆபரேஷனுக்காகக் காஸ்பர் நகரத்தில் படுத்திருக்கிறான். மகன் போன கோபத்தில், அந்த வண்டியை யாரும் தொடக்கூடாது என்று சட்டம் போட்டவனே அவன்தான்.

"அம்மா, சீட்டைக் கொஞ்சம் முன்னாடி இழுத்துக்கோயேன்" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் ஷெல்பி. "பெடல் எட்டாம நுனியில தொங்கிட்டு இருக்கே. பாக்கவே பாவமா இருக்கு."

"அவன் வச்சது வச்சபடி இருக்கட்டும்."

"முதுகுக்குப் பின்னால சோபா தலகாணி ரெண்டு! பத்து டன் புல்லு இழுக்கற டிரைவர் மாதிரியா இருக்கே? டிவி பாக்க உக்காந்தவ மாதிரி இருக்கே."

"வாயை மூடிட்டு காப்பியை ஊத்து."

அந்த ஊர் வழக்கம் அப்படி. எத்தனை மாடு வைத்திருக்கிறாய் என்று ஒருவனைக் கேட்பதும், அடுத்தவன் வண்டியில் கையை நீட்டி எதையாவது மாற்றி வைப்பதும் ஒரே அளவு மரியாதைக்கேடு. இரவல் வண்டியில் ரேடியோ நிலையத்தைக்கூட மாற்ற மாட்டார்கள். இவளோ இரவலும் வாங்காமல் எடுத்தவள். குற்ற உணர்ச்சியில் கண்ணாடியைத் திருப்பக்கூட அவளுக்குக் கை வரவில்லை.

அதனால்தான் ஸ்டீயரிங்குக்கு இடது கைப்பக்கம் இருந்த அந்தச் சின்னக் கருப்புக் குமிழையும் அவள் தொடவில்லை. கோல்டருக்கு இன்ஜின் ட்யூனிங்கில் பைத்தியம். வண்டியின் மூளைக்குள் தன் கைப்பட ஐந்து விதமான கணக்குகளை எழுதி வைத்து, ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் அந்தக் குமிழைத் திருகி மாற்றிக்கொள்கிற மாதிரி செய்திருந்தான். எண்கள் அவன் கட்டைவிரல் பட்டுப் பட்டே அழிந்து போயிருந்தன. குமிழ் இப்போது வலது கோடியில் நின்றது. அதாவது ஐந்தில். கடைசியாக அவன் வைத்த இடம்.

ஐந்து என்றால் நிறைய சக்தி, அது ஆர்லிஸுக்கும் தெரியும். மலையோ செங்குத்து, சுமையோ பாறை மாதிரி. சக்தி நிறைய இருந்தால் நல்லதுதானே என்று அவள் கணக்குப் போட்டாள். அந்தக் கணக்கு எவ்வளவு தப்பு என்பது முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதுமே தெரிய ஆரம்பித்தது.

வாக்கி டாக்கி கரகரத்தது. பின்னால் வந்துகொண்டிருந்த பக்கத்துப் பண்ணை ராய்ஸின் குரல். "ஆர்லிஸ்! எனக்கு ரோடே தெரியலம்மா. வண்டியா ஓட்டறே, நிலக்கரி ரயிலா?"

கண்ணாடியில் பார்த்தாள். டிரெய்லருக்குப் பின்னால் வானமே கறுத்துக் கிடந்தது.

"கிண்டல் பண்ணாம ஓட்டு ராய்ஸ்" என்றாள். முகம் சிவந்துவிட்டது.

"அம்மா." ஷெல்பியின் குரலில் விளையாட்டு இல்லை. "அந்த முள்ளைப் பாரு."

கண்ணாடி ஓரத் தூணில் கோல்டர் தனியாக ஒரு வட்ட மீட்டர் பொருத்தியிருந்தான். இன்ஜினிலிருந்து வெளியேறும் புகையின் சூட்டைக் காட்டுவது. அதில் ஒரு இடத்தில் சிவப்புப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருந்தான். முள் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டுத் தாண்டியும் போய்க்கொண்டிருந்தது.

ஆர்லிஸ் காலை எடுத்தாள். முள் இறங்கியது. வண்டியும் தள்ளாடியது. டிரெய்லர் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது. மறுபடி மிதித்தாள். வண்டி உறுமிக்கொண்டு ஓர் எட்டு எடுத்து வைத்தது, முள் ஒரே தாவலில் சிவப்பில் ஏறிக்கொண்டது. மிதித்தால் சூடு, விட்டால் நடக்கமாட்டேன் என்கிறது. என்ன பாடு இது!

"கோடு தாண்டக்கூடாதுன்னு அண்ணன் தலையில அடிச்சுட்டு சொல்லுவான்" என்றாள் ஷெல்பி. "தாண்டினா உள்ள உருகிடுமாம்."

"என்னடி உருகும்?"

"இன்ஜின்தான்!"

குதிரையை விற்றாகிவிட்டது. இப்போது வண்டியையும் எரித்துவிட்டால்? அப்புறம் அவன் எதற்கு வருவான்? எதை எடுத்துப் போக வருவான்? கரிந்துபோன இரும்பையா?

"குமிழை மாத்தேன்" என்றாள் ஷெல்பி.

"எதுல வைக்கறது?"

"அதுதான் எனக்கும் தெரியல. ஒண்ணு மட்டும் சொல்லிருக்கான். அஞ்சுல ஏதோ ஒண்ணு திருடனுக்கு வச்ச பொறி. அதுல திருப்பினா இன்ஜின் அப்படியே செத்துடும். ஸ்டீயரிங் இறுகிடும்."

ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பாதாளம், பின்னால் பத்து டன். இதில் குருட்டாம்போக்கில் குமிழைத் திருப்பவா? ஆர்லிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு, வண்டியை ஊரவிட்டு, அடுத்த வளைவில் இருந்த அகலமான ஒதுங்கலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அந்த மலையில் போனுக்கு உயிர் வருகிற ஒரே இடம் அது. ஊர்க்காரர்கள் எல்லாருக்கும் தெரியும்.

மற்ற வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு மெல்லத் தாண்டிப் போயின. ராய்ஸ் மட்டும் பின்னாலேயே ஒதுக்கி நிறுத்தினான்.

"நான் போட்டா அண்ணன் எடுப்பான்" என்றாள் ஷெல்பி, போனைக் கையில் வைத்துக்கொண்டு. "ஆனா நான் போட மாட்டேன்."

"ஏன்டி?"

"நீதானே எடுத்தே. நீயே சொல்லு."

பெற்ற பிள்ளைகளில் ஒன்றாவது வாய்த்துடுக்கு இல்லாமல் பிறக்கக்கூடாதா என்று நினைத்துக்கொண்டே ஆர்லிஸ் தன் போனை எடுத்தாள். கூப்பிட்டால் எடுக்கமாட்டான். பிறந்தநாளுக்குக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸுக்குக் கூப்பிட்டு, சும்மாவும் கூப்பிட்டுப் பார்த்தவள் அவள். அதனால் ஒரு குறுஞ்செய்தி அடித்தாள். 'உன் வண்டியைக் கேக்காம எடுத்துட்டேன். புல் டிரெய்லரோட மலையில நிக்கறேன். முள் சிவப்பைத் தாண்டிடுச்சு.'

அனுப்பிவிட்டு, பாவம் இன்ஜினுக்காவது ஓய்வு கொடுப்போம் என்று சாவியில் கையை வைத்தாள்.

போன் அலறியது.

"அம்மா, ஆஃப் பண்ணிடாதே! ஆஃப் பண்ணிடலையே?"

ஆர்லிஸ் சாவியிலிருந்து கையை வெடுக்கென்று இழுத்தாள். "இல்லடா. ஓடுது. ஓடிட்டுத்தான் இருக்கு."

"ஓடட்டும். சும்மா நின்னு ஓடட்டும். இவ்வளவு சூட்டுல அணைச்சா டர்போவுல எண்ணெய் நின்னு கருகிடும். முள் இப்ப எங்க இருக்கு?"

"இறங்கிட்டிருக்கு. சிவப்புக்குக் கீழ வந்துடுச்சு."

"வரட்டும்." அவன் மூச்சு விடுவது கேட்டது. பின்னால் ஏதோ இயந்திரங்கள் இரைந்தன. "குமிழ் எதுல இருக்கு?"

"நீ வச்ச இடத்துல. கடைசில."

"அஞ்சுலயா? அஞ்சுல வச்சுக்கிட்டா பத்து டன்னை இழுத்தே? யாராவது செய்வாங்களா இதை!"

"உன் வண்டில எதையும் மாத்தக்கூடாதுன்னுதான்..." என்றாள் ஆர்லிஸ். "சீட்டைக்கூட நகர்த்தலடா. தலகாணி வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

போச்சு, வைத்துவிடப் போகிறான் என்றே அவள் நினைத்தாள்.

"ஸ்பீக்கர்ல போடு" என்றான் கோல்டர். "நான் சொல்றதைக் கேளு. அஞ்சு, காலி வண்டில விளையாடறதுக்கு. டீசலை அள்ளி ஊத்தும். சுமையோட ஏறும்போது அவ்வளவு டீசலுக்குக் காத்து பத்தாது. மிச்சமெல்லாம் சூடாவும் கரும்புகையாவும் போகும். சுமைன்னா சக்தி ஜாஸ்தி வேணும்னு எல்லாரும் நினைப்பாங்க. சுமைக்கு வேண்டியது சக்தி இல்ல, அடக்கம். ரெண்டுல வை, அம்மா. ரெண்டுதான் இழுவைக்கு."

"எண்ணெல்லாம் அழிஞ்சு கிடக்குடா."

"முள் நல்லா இறங்கினதும், பெடல்ல கால் படாம, இடது பக்கம் மூணு தரம் திருப்பு. ஒவ்வொண்ணுக்கும் டக்குனு கேக்கும். மூணே மூணு. நாலாவது போயிட்டே, ஒண்ணுல விழுந்துடும். அதுதான் திருடனுக்கு. இன்ஜின் அங்கயே செத்துடும்."

"அடப்பாவி! அதைப் போய் ரெண்டுக்குப் பக்கத்துலயா வைப்பே?"

"நீ திருடுவேன்னு நான் கனவா கண்டேன்?"

ஷெல்பி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆர்லிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து முட்டியது. அவன் கோபமாகத்தான் பேசுகிறான். பேசுகிறானே! திட்டானாலும் அவன் வாயிலிருந்து வருகிறதே!

முள் இறங்கி அமைதியானதும் அவள் குமிழில் விரலை வைத்தாள். டக். டக். மூன்றாவதற்கு முன்னால் விரல் நின்றுவிட்டது.

"எண்ணிக்கை விட்டுட்டியா?" என்றான் கோல்டர், பார்த்துக்கொண்டிருப்பவன் போல.

"இல்ல. பயமா இருக்கு."

"மெதுவா. வழுக்காது. நான் ஈயத்தை உருக்கி சாலிடர் வச்சது."

டக். இன்ஜின் சாகவில்லை. அதன் முனகல் மட்டும் கொஞ்சம் தணிந்தது.

"கேட்டேன்" என்றான் அவன். "சரியா விழுந்துடுச்சு. இப்போ கிளம்பு. சக்தி குறைஞ்ச மாதிரி இருக்கும், பயப்படாதே. பெடலைப் போட்டு அமுக்காதே. கியரைக் கீழ இறக்கு, இன்ஜின் கொஞ்சம் கத்தட்டும், வண்டி மெதுவா போகட்டும். பெரிய கியர்ல இழுத்து அதுக்கு மூச்சு முட்ட வைக்காதே. முள் கோட்டுக்குக் கீழயே நிக்கும். நிக்கலைன்னா இன்னும் மெதுவா போ. உன்னை யாரும் துரத்தல."

"இறக்கத்துல?"

"அங்கதான் ரெண்டோட அருமை தெரியும். ரெண்டுலதான் இன்ஜின் பிரேக் வேலை செய்யும். அஞ்சுல அதை எடுத்து வச்சிருக்கேன். அஞ்சோட இறங்கியிருந்தா பிரேக்கெல்லாம் தீஞ்சு..." அவன் முடிக்கவில்லை. "உச்சியிலயே கீழ் கியர் போட்டுடு. பிரேக்கை விட்டு விட்டுத் தொடு. போய்ச் சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணு. மறந்துடாதே."

"கோல்டர்..."

"போம்மா. பனி வரும்னு சொல்றாங்க. கிளம்பு."

வைத்துவிட்டான்.

ராய்ஸ் ஜன்னலுக்கு அருகில் வந்து நின்றான். "என்னாச்சு? வண்டிக்கு ஒண்ணும் இல்லையே?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல ராய்ஸ்" என்றாள் ஆர்லிஸ், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "எல்லாம் நல்லா இருக்கு."

"அழறியே?"

"புகைப்பா, புகை" என்றாள் ஷெல்பி.

அதற்குப் பிறகு மலை வேறு மலையாக இருந்தது. வண்டி நத்தை வேகம்தான். ஆனால் திணறவில்லை. முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே, சொன்னபடி, இடம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பின்னால் வானம் நீலமாகத் தெரிந்தது. 'இப்பதான் நீ இருக்கறதே தெரியுது' என்றான் ராய்ஸ் வாக்கி டாக்கியில். உச்சியில் தூறலாகப் பனி விழுந்தது. ஆர்லிஸ் கீழ் கியரைப் போட்டாள். இறக்கத்தில் இன்ஜின் தானாக உறுமி வண்டியைப் பிடித்துக்கொண்டது. யாரோ பின்னாலிருந்து தோளைப் பற்றி, 'மெதுவா, மெதுவா' என்று கூட்டிப் போகிற மாதிரி இருந்தது அவளுக்கு. வளைவுக்கு வளைவு மனசுக்குள் நன்றி சொன்னாள். கடவுளுக்குக் கொஞ்சம், அந்தக் குமிழுக்குக் கொஞ்சம், அதைச் சாலிடர் வைத்தவனுக்கு மிச்சமெல்லாம்.

லாரால்டே பண்ணையில் நிலம் கண்ணுக்கெட்டிய வரை கறுத்துக் கிடந்தது. நடுவில் வீடு மட்டும் எப்படியோ தப்பித்து நின்றது. முற்றத்தில் வண்டிகளும் ஆட்களும். புல் உருளைகளை இறக்க இறக்க, வேலிக்கு அப்பால் ஆடுகள் வாசனை பிடித்துக்கொண்டு போட்ட கூச்சல் காதைப் பிளந்தது. வீட்டுக்காரி மைத்தே பெரிய அண்டாவில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து, வந்தவர் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய் உட்காரவைத்துக்கொண்டிருந்தாள். எழுபது வயசுக்காரி, ஓர் இடத்தில் நிற்கவில்லை.

ஆர்லிஸ் இறங்கி அவளிடம் போனாள். வழி நெடுக ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னாள். "மைத்தே, அன்னிக்கு நீங்க வந்து நிக்கலைன்னா எங்க பண்ணை இன்னிக்கு இல்ல. இது அதுக்கு ஈடே ஆகாது. ஏதோ எங்களால முடிஞ்சது."

மைத்தே அவளைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கண் அந்த வண்டியில் போய் நின்றது.

"இந்த வண்டி எனக்குத் தெரியுமே" என்றாள்.

"என் மகனோடது."

"தெரியும்கறேன்ல! அந்தப் பனிக்காலத்துல இதே இடத்துலதான் கொண்டுவந்து நிறுத்தினான், பிள்ளை. எங்க பக்கத்து எண்ணெய்க் கிணத்துலதானே அப்ப வேலை? முன்ன பின்ன தெரியாது. வந்து தொப்பியைக் கழட்டிட்டு நின்னான். 'எங்க வீட்ல புல்லு தீர்ந்துபோச்சு, எங்கப்பா அம்மா உயிரே போனாலும் யார்கிட்டயும் கேக்க மாட்டாங்க, நீங்களா கொண்டு போனா வாங்கிப்பாங்க'ன்னான்."

ஆர்லிஸ் திரும்பி அந்த வண்டியைப் பார்த்தாள்.

"நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, அப்பா மனசு சின்னதாயிடும்னு சத்தியம் வாங்கிட்டான்" என்றாள் மைத்தே. "இத்தனை வருஷம் காப்பாத்தினேன். இந்த வண்டியைப் பாத்ததும் வாய் முந்திக்கிச்சு. அதோட விட்டானா? வேண்டாம் வேண்டாம்னு நாங்க அடிச்சுக்கிட்டோம். அந்தக் குட்டி போடற காலம் பூரா, லீவு நாளெல்லாம் இங்க வந்து எங்க ஆட்டுக்கு ராவும் பகலும் பிரசவம் பாத்தான். உனக்கு நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது" என்றாள் ஆர்லிஸ்.

அவன் மலைக்கு இந்தப் பக்கம் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, மலைக்கு அந்தப் பக்கம் அவள் அவனுடைய குதிரையை அடுத்தவன் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து காலி லாயத்தைப் பார்த்தவன், 'உங்களுக்குப் புல்லு அனுப்பினதே நான்தானே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் செத்தே போயிருப்பாள். சொல்லவில்லையே! அதையும் விழுங்கிக்கொண்டு போனானே, என் பிள்ளை!

மைத்தே நீட்டிய குழம்புக் கிண்ணத்தை வாங்கக்கூடத் தோன்றாமல், ஆர்லிஸ் வண்டியின் மறுபக்கம் போய் நின்றுகொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரிதாக இன்னொன்றும் இருந்தது. இப்படி ஒருவனைத் தன் வயிற்றில் கொடுத்ததற்கு யாரிடம் போய் நன்றி சொல்வது என்று தெரியாமல் அழுதாள்.

பையில் போன் அதிர்ந்தது.

"எங்க இருக்கே நீ?" கோல்டர் கத்தினான். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுன்னு சொன்னேனா இல்லையா? எவ்வளவு நேரமா கையில போனை வச்சுட்டு நிக்கறேன் தெரியுமா? ஒரு வேலை ஓடல எனக்கு. மலையில பனி விழுதுங்கறாங்க, ஷெல்பியும் எடுக்கல, நான் என்னன்னு நினைக்கறது? அறிவு வேண்டாம்? ஒரு போன் பண்ண எவ்வளவு நேரம் ஆகும்?"

வார்த்தைக்கு வார்த்தை அது அவள் திட்டு. அவன் பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து, பனிநாளில் வீட்டுக்குத் தாமதமாக வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி அவள் விட்ட டோஸ். ஒரு சொல் விடாமல் கற்று வைத்திருக்கிறான். ஆர்லிஸ் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு, கண்ணை மூடி, அத்தனையையும் வாங்கிக்கொண்டாள்.

"அம்மா? இருக்கியா?"

"இருக்கேன்டா. நீ திட்டு."

அவன் நிறுத்திவிட்டான். "வண்டி எப்படி இருக்கு?"

"உன் ரெண்டு என்னைக் கைப்பிடிச்சு இறக்கிவிட்டுச்சு. ஒரு கீறல் இல்ல." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "கோல்டர், மைத்தே எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. புல்லு விஷயம். பென்னிக்கு நான் செஞ்சது..."

"அதைப் போன்ல பேச வேண்டாம்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்" என்றான். "அப்பாகிட்ட சொல்லாதே."

ஷெல்பி இரண்டு கிண்ணம் குழம்போடு வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"யாரு, அண்ணனா? என்ன சொன்னான்?"

"ஞாயித்துக்கிழமை வர்றானாம்."

"ஐயோ, அன்னிக்குத்தானே அப்பாவை ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வரணும்! ரெண்டு பேரும் ஒரே நாள்லயா?" ஷெல்பி கிண்ணங்களை பானெட் மேல் வைத்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எதுக்கு வர்றான்? நம்மகூட இருக்கவா? இல்ல, வண்டியை எடுத்துட்டு ஒரேயடியா போகவா?"

"கேக்கல."

"ஏன்மா கேக்கல? அதைத்தானே முதல்ல கேட்டிருக்கணும்!"

ஆர்லிஸ் முந்தானை இல்லாத குறைக்குச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள்.

"வர்றேன்னு சொல்லிட்டான். அதுக்கு மேல கேக்கறது பேராசைடி."